கொம்பு முளைத்த கார்த்திகை

நட்சத்திரப் படங்களில் தெரியும் சிலுவைக் கீற்று வானத்தில் இல்லை, தொலைநோக்கிக்குள் இருக்கிறது. அது கோணிக்கொண்டால்? மூன்று அமாவாசைகளைத் தின்ற ஒரு தகட்டின் கதை.

2022 டிசம்பர் 24. அமாவாசைக்கு மறுநாள். புனேவிலிருந்து 90 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஜுன்னார் பக்கம் நண்பர் ஒருவரின் திராட்சைத் தோட்டம். இரவு பத்து மணிக்குக் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிட்டது. ஆறு அங்குல நியூட்டன் தொலைநோக்கி, அதன் பக்கவாட்டில் ஒரு சாதாரண எஸ்.எல்.ஆர். கேமரா, நிமிடத்துக்கு ஒரு படம். விடிவதற்குள் 120 படங்கள் சேர்ந்தன. மறுநாள் வீட்டில் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது, கார்த்திகைப் பெண்களைச் சுற்றி அந்தப் புகழ்பெற்ற நீலப் புகைமூட்டம் மெல்ல எழுந்து வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது.

ஒவ்வொரு பிரகாசமான நட்சத்திரத்திலிருந்தும் நான்கு ஒளிக்கீற்றுகள் நீண்டிருந்தன. அது எதிர்பார்த்ததுதான். மேலும் கீழும் போனவை ஊசிபோல் மெலிதாக, நேராக இருந்தன. இடமும் வலமும் போனவை? ஒவ்வொன்றும் பாம்பு நாக்குபோல் இரண்டாகப் பிளந்திருந்தது. பிளவின் ஒரு கிளை நீண்டு மங்கலாகவும், மறு கிளை குட்டையாகத் தடித்தும் இருந்தது. ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏம்ப்பா, நட்சத்திரத்துக்குக் கொம்பு உண்டா?"

அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்தன்று அவள் பள்ளிக் கண்காட்சியில் மாட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வியை இன்னும் நாற்பது பிள்ளைகள் கேட்பார்கள்.

நட்சத்திரத்துக்குக் கொம்பு கிடையாது. கார்த்திகை சுமார் 440 ஒளி ஆண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது. அங்குள்ள எந்த நட்சத்திரமும் நம் தொலைநோக்கிக்கு வெறும் புள்ளிதான். கொம்பை முளைக்கவைப்பது தொலைநோக்கியின் வாயில் இருக்கும் சில தகடுகள்.

ஐசக் நியூட்டன் 1668இல் செய்த தொலைநோக்கியின் அமைப்புதான் இன்றும் ஆயிரக்கணக்கான மொட்டைமாடிகளில் இருக்கிறது. குழாயின் அடியில் ஒரு குழிக் கண்ணாடி. அது குவிக்கும் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பிவிட, குழாயின் வாயருகே 45 டிகிரி சாய்வில் ஒரு சின்னத் தட்டைக் கண்ணாடி. அந்தச் சின்னக் கண்ணாடி அந்தரத்தில் நிற்காதே! குழாயின் சுவரிலிருந்து நடுவுக்கு வரும் நான்கு மெல்லிய உலோகத் தகடுகள் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. தொழில் தெரிந்தவர்கள் இந்த அமைப்பை 'ஸ்பைடர்' என்பார்கள். சிலந்திக்கு எட்டுக் கால், இதற்கு நான்குதான் என்பது வேறு விஷயம்.

வரும் ஒளியின் பாதையில் இந்தத் தகடுகள் குறுக்கே நிற்கின்றன. எந்த விளிம்பை உரசிப் போனாலும் ஒளி கொஞ்சம் விலகிப் பரவும். பள்ளிப் பாடத்தில் விளிம்பு விளைவு என்று படித்தது இதுதான். நேரான தகடு ஒளியை நேரான கீற்றாகச் சிதறடிக்கிறது, அதுவும் நட்சத்திரத்தின் இரு பக்கமும் சமமாக. நான்கு தகடுகள் சரியான சிலுவையாக நின்றால், எதிரெதிர்த் தகடுகளின் கீற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, கண்ணுக்கு நான்கு கீற்றாகத் தெரியும். மூன்று தகடுகள் 120 டிகிரி இடைவெளியில் இருந்தால் ஆறு. ஹப்பிள் விண்தொலைநோக்கியின் படங்களில் நான்கு இருப்பதும் இதனால்தான். 2022 ஜூலையில் வெளியான ஜேம்ஸ் வெப் படங்களில் எட்டு. அதில் ஆறு, அறுகோணக் கண்ணாடித் துண்டுகளின் விளிம்புகளிலிருந்து வருகின்றன. தாங்கும் மூன்று கால்களும் தம் பங்குக்கு ஆறு தருகின்றன, ஆனால் அவற்றில் நான்கு ஏற்கெனவே உள்ளவற்றின்மேல் படிந்து மறைய, மிச்சம் இரண்டு மட்டும் தனியே தெரிகின்றன.

ஆக, கீற்று இருப்பது குற்றமில்லை. பலருக்கு அது அழகு. லென்ஸ் வைத்த தொலைநோக்கியில் இந்தக் கீற்று வராது என்பதால், அதை வரவழைக்கக் குழாயின் வாயில் குறுக்கும் நெடுக்குமாக நைலான் நூல் கட்டுபவர்கள்கூட உண்டு! ஆனால் கீற்று கோணினால் வேறு கதை. எங்கோ ஏதோ தன் இடத்தில் இல்லை என்று அர்த்தம்.

இந்தக் கட்டத்தில் எல்லாருக்கும் ஒரு சபலம் வரும். பெங்களூரில் இருக்கும் நண்பர் போனிலேயே தீர்ப்புச் சொன்னார்: "தகட்டைத் தொடாதீங்க. கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டு, புதுசா நாலு கோடு வரைஞ்சிடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?" அதற்கென்றே மென்பொருள் இருக்கிறது. எத்தனை கீற்று, எவ்வளவு நீளம், என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டு வரைந்து தரும். அறிவியல் தினத்தில் பிள்ளைகள் முன் மாட்டப்போகும் படத்தில் அதைச் செய்ய மனம் வரவில்லை. நேர்மையைவிடச் சின்னதாக இன்னொரு காரணமும் உண்டு. நோயாளியின் காய்ச்சலைத் தெர்மாமீட்டரில் அழித்து என்ன பயன்? அடுத்த இரவும் அதே கோணல்தான் வரும்.

எனவே ஸ்குரூடிரைவரை எடுத்தேன். இடது, வலது கீற்றுகள் கெட்டிருக்கின்றன. கேமராவைக் குழாயின் அச்சுக்கு இணையாகத்தான் மாட்டியிருந்தேன். அப்படியானால் இடது, வலது தகடுகளில்தானே கோளாறு? இரண்டையும் கழற்றி, நிமிர்த்தி, இறுக்கி மாட்டினேன். 2023 ஜனவரி 21, தை அமாவாசை. மறுபடி திராட்சைத் தோட்டம். போகிற வழியில், நாராயண்காவ் அருகே கோடத் கிராமத்தின் ராட்சத ரேடியோ தொலைநோக்கிக் கிண்ணங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலம். அவற்றின் குவியத்தில் உள்ள கருவியையும் நான்கு கால்கள்தான் தாங்குகின்றன. அவர்களுக்கு எதுவும் கோணவில்லை போலும் என்று பொறாமையாக இருந்தது.

அன்றிரவு கிடைத்த படத்தில் இடது, வலது கீற்றுகள் முன்போலவே பிளந்திருந்தன. இதுவரை ஒழுங்காக இருந்த மேல், கீழ்க் கீற்றுகளும் இப்போது தடித்துவிட்டன. உள்ளதையும் கெடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

என் தவறைக் கண்டுபிடித்தது மகள்தான், அதுவும் விளையாட்டாக. விளிம்பு விளைவைப் புரியவைக்க, பால்கனியிலிருந்து தூரத்துத் தெருவிளக்கை மெல்லிய துப்பட்டா வழியே பார்க்கச் சொன்னேன். விளக்கைச் சுற்றிச் சிலுவை தெரியும். துணியைச் சுழற்றினால் சிலுவையும் சுழலும். துணியை ஒரு மூலையில் இழுத்து இழைகளைச் சாய்த்தால் சிலுவையும் சாயும். அவள் அதோடு நிற்கவில்லை. தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, கண்ணுக்கு முன்னால் நெட்டுக்குத்தாகப் பிடித்து விளக்கைப் பார்த்தாள். "முடி நேரா நிக்குது. வெளிச்சம் படுக்கையால்ல ஓடுது?"

அதேதான். தகடு எந்தத் திசையில் இருக்கிறதோ, அதற்குச் செங்குத்தான திசையில்தான் கீற்று ஓடும். இடது, வலது கீற்றுகள் கெட்டால் பார்க்க வேண்டியது மேல், கீழ்த் தகடுகளை! புத்தகத்தில் நூறு முறை படித்த விஷயம். கையில் ஸ்குரூடிரைவர் வந்ததும் மறந்துபோயிற்று. இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். ஒரே ஒரு தகடு கெட்டாலும் நட்சத்திரத்தின் இரு பக்கக் கீற்றும் கெடும். 'வலது பக்கம்தானே மோசம்' என்று ஒரு பக்கத் தகட்டைத் தேடிப் போவது வீண்.

கோணலிலும் பல ஜாதி உண்டு. ஒவ்வொன்றும் ஒரு நோயைச் சொல்கிறது. கீற்று நட்சத்திரத்திலிருந்து விலக விலக இரண்டாகப் பிரிந்துபோனால், எதிரெதிர்த் தகடுகள் ஒரே கோட்டில் இல்லை. பிரியாமல் ரயில் தண்டவாளம்போல் இரு இணைகோடுகளாக ஓடினால் தகட்டின்மேல் பழிபோடாதீர்கள்: ஃபோகஸ் சரியில்லை. மெல்ல ஃபோகஸைத் திருப்பினால் இரண்டு கோடும் ஒன்றாகிவிடும். (ரஷ்ய அமெச்சூர் பாவெல் பாஹ்டினோவ் 2005இல் உருவாக்கிய வரிவரியான முகமூடி, இதே விளிம்பு விளைவை வைத்துத்தான் ஃபோகஸைக் காட்டிக்கொடுக்கிறது. கார்டுபோர்டில் வெட்டிக்கொள்ளலாம்.) படத்தின் ஒரு மூலையில் மட்டும் கோணல் என்றால் கேமரா சாய்ந்திருக்கிறது, அல்லது கண்ணாடிகள் நேர்ப்படவில்லை. நான்கு பெரிய கீற்றுகளுக்கு நடுவே குட்டிக் குட்டியாக வேறு கீற்றுகள் தெரிந்தால், அடிக் கண்ணாடியைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் ஒளிக்குள் நீட்டிக்கொண்டிருக்கலாம். கண்ணாடியின் விளிம்பை ஒரு வளையத்தால் மறைத்தால் போய்விடும். நட்சத்திரத்தை ஃபோகஸிலிருந்து விலக்கி வட்டமாக்கிப் பாருங்கள். வட்டத்தின் ஓரத்தை யாரோ கடித்ததுபோல் இருந்தால் ஃபோகஸர் குழாய் உள்ளே நீண்டு ஒளியை மறைக்கிறது.

தடிமன்தான் பெரிய வில்லன். மெல்லிய தகடு நீளமான, மங்கலான கீற்றைத் தரும். தடித்த தகட்டின் கீற்று குட்டை, ஆனால் பளிச்சென்று இருக்கும். என் தொலைநோக்கியின் தகடுகள் அரை மில்லிமீட்டர் கனம். கீற்றின் பிரகாசமான நடுப்பகுதி நட்சத்திரத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் நிலவின் விட்டத்தில் எட்டில் ஒரு பங்கு தூரம் ஓட வேண்டும். ஆனால் தகடு கனத்தில்தான் அரை மில்லிமீட்டர். குழாயின் நீளவாக்கில் அதன் அகலம் 20 மில்லிமீட்டர். நட்சத்திரம் அந்தத் தகட்டை நேர் முன்னாலிருந்து, கத்தியின் கூர்முனையைப் பார்ப்பதுபோல், பார்க்கிறது. தகடு வெறும் 3 டிகிரி முறுக்கிக்கொண்டால் அகலத்தின் ஒரு பகுதியும் தெரியும். கணக்குப் போட்டால் நட்சத்திரத்துக்கு அது ஒன்றரை மில்லிமீட்டர் தகடு! மூன்று மடங்கு கனம். கீற்று மூன்றில் ஒன்றாகக் குறுகி, அந்த இடத்தில் ஒளி குவிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத முறுக்கு, படத்தில் இப்படிக் கத்துகிறது.

ஜனவரி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜை பட்டறையாயிற்று. குழாயைப் படுக்கவைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். நிமிர்த்தி வைத்துவிட்டு மேலே குடைந்தால், கை நழுவும் ஒரு திருகாணி நேரே அடிக் கண்ணாடியில்தான் போய் விழும். படுக்கவைத்த பிறகும் கண்ணாடிமேல் ஒரு துணியைப் போட்டுவைத்தேன்.

முதலில் கோணம். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு காகித நாடாவைக் குழாயின் வாயைச் சுற்றி ஒட்டி, முனைகள் சந்திக்கும் இடத்தில் வெட்டினேன். 572 மில்லிமீட்டர். நாடாவை எடுத்து நான்காக மடித்தால் மடிப்புகள் 143 மில்லிமீட்டருக்கு ஒன்றாக விழும். மறுபடி குழாயில் சுற்றிப் பார்த்தேன். மூன்று திருகாணிகள் மடிப்பின்மேல் துல்லியமாக உட்கார்ந்தன. மேல் தகட்டின் திருகாணி மட்டும் 2 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. இது பழைய தொலைநோக்கி, ஊர் மாற்றலாகிப் போனவரிடம் வாங்கியது. எப்போதோ யாரோ அந்த ஓட்டையை மட்டும் மறுபடி துளைத்திருக்கிறார்கள். 2 மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று தோன்றலாம். தகட்டின் நீளமே 65 மில்லிமீட்டர்தான். ஆகவே கிட்டத்தட்ட 2 டிகிரி சாய்வு. படத்தில் நட்சத்திரத்திலிருந்து 200 புள்ளி தூரத்தில் இரண்டு கீற்றுகளும் 6 புள்ளி விலகி நிற்கும். பாம்பு நாக்கு வந்தது இப்படி.

ஓட்டையைச் சின்ன அரத்தால் பக்கவாட்டில் ராவி நீட்டி, பெரிய வாஷர் ஒன்றைப் போட்டு, திருகாணியை மடிப்புக்கு நேராக நகர்த்தினேன். ராவிய உலோகத்தூள் குழாய்க்குள் போகாமல் உட்புறத்தில் ஈரத்துணியை வைத்துக்கொள்வது உத்தமம். நான் இரண்டாவது தடவைதான் வைத்தேன்.

அடுத்தது முறுக்கு. குழாயை மேஜை விளிம்பில் வைத்து, மூன்று மீட்டர் தள்ளி நின்று, வாயின் நடுவுக்கு நேராகக் கேமராவை ஜூம் செய்து ஒரு படம் எடுத்தேன். கண்ணால் பார்ப்பதைவிட இது மேல். கண் ஒரு பக்கம் சாய்ந்தால் நேரான தகடும் முறுக்கியதுபோல் தோன்றும். படத்தில் மற்ற தகடுகள் கோடாகத் தெரிய, கீழ்த் தகடு பட்டையாகத் தெரிந்தது. நடுவில் அதைப் பிடித்திருக்கும் நட்டை இறுக்கும்போதெல்லாம் தகடும் கூடவே திரும்பியிருக்கிறது. துணி சுற்றிய இடுக்கியால் தகட்டைப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கினேன். ஜனவரியில் நான் 'நிமிர்த்திய' இரண்டு தகடுகளுக்கும் அதே வைத்தியம் தேவைப்பட்டது. அந்த வெட்கக்கேட்டை இங்கே விரிவாக எழுதப்போவதில்லை.

இறுக்குவதிலும் நிதானம் வேண்டும். எதிரெதிர்த் திருகாணிகளை ஜோடியாக, கால் சுற்று கால் சுற்றாகத் திருப்ப வேண்டும். தகடு விறைப்பாக இருந்தால் போதும். வீணைத் தந்திபோல் முறுக்கினால் மெல்லிய குழாய் முட்டை வடிவமாகிவிடும், நடுக்கண்ணாடியும் ஒரு பக்கம் இழுபடும்.

தகடுகளைத் தொட்டாலே கண்ணாடிகள் இரண்டையும் மறுபடி நேர்ப்படுத்த வேண்டும். பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் டப்பாவின் அடியில் நட்டநடுவில் துளையிட்டு ஃபோகஸரில் செருகினால், அதுவே பார்வைத் துளை. முதலில் சின்னக் கண்ணாடி, பிறகு அடிக் கண்ணாடி. இந்த வரிசையை மாற்றினால் இரவெல்லாம் திருகிக்கொண்டே இருக்கலாம். தகடுகளின் பக்கங்கள் பளபளப்பாக இருந்ததால் பளபளப்பில்லாத கறுப்பு பெயின்ட் ஒரு பூச்சும் அடித்தேன். கனமாக அடித்தால் தகடு தடித்துவிடும் என்பதால் ஒரே ஒரு பூச்சு.

பிப்ரவரி 5, தைப்பூசம். முழு நிலா. படம் பிடிக்கவே லாயக்கில்லாத இரவு. ஆனால் சோதனை பார்க்க இருட்டு எதற்கு? வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் புனே நகரின் வெளிச்சத்தையும் நிலாவையும் மீறி ஜொலித்துக்கொண்டிருந்தது. மொட்டைமாடியிலேயே வைத்துப் பார்த்தேன். ஃபோகஸை விலக்கி வட்டமாக்கியதும் தகடுகளின் நிழல் சிலுவையாகத் தெரிந்தது. குழாயின் வாயில் ஒரு பக்கமாகக் கையை நீட்டினால், வட்டத்தில் எந்தப் பக்கம் கையின் நிழல் விழுகிறதோ அந்தப் பக்கத் தகடு எது என்பது சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். இதை டிசம்பரிலேயே, இதே மாடியில், பத்து நிமிடத்தில் செய்திருக்கலாம். நான் தை அமாவாசையைச் செலவழித்து, பெட்ரோல் போட்டு 90 கிலோமீட்டர் போய்த் தெரிந்துகொண்டேன். மழைக்காலம் போக, புனேயில் ஒரு பருவத்துக்குக் கிடைப்பது ஐந்தாறு அமாவாசை. அதில் கார்த்திகை வசதியாக உயரத்தில் இருப்பது இன்னும் குறைவு.

ஃபோகஸை மெல்லச் சேர்த்தேன். இணைகோடுகள் நெருங்கி நெருங்கி ஒன்றாயின. நான்கு கீற்றுகளும் ஒரே நீளம், ஒரே மெலிவு. இடதில் மட்டும் ஏதோ சின்ன நெளிவு இருப்பதாக எனக்குத் தோன்றியது. மனைவி பார்த்துவிட்டு, "இதுக்குமேல திருகினா குழாயைத் தூக்கிப் பரண்ல போட்டுடுவேன்" என்றார். விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாய்ப்பு பிப்ரவரி 18. சனிக்கிழமை, சிவராத்திரி. தேய்ந்த பிறை விடியும் முன்தான் எழும். இருட்டியதும் கார்த்திகை மேற்கு வானில் உயரத்தில் இருந்தது, பக்கத்தில் ரிஷப ராசியில் செவ்வாய் சிவந்து நின்றது. தோட்டத்துக்கு அப்பால் ஏதோ கோயிலில் பஜனை. எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை மூன்று மணி நேரத்தில், நிமிடத்துக்கு ஒன்றாக 160 படங்கள். இருபது படங்களுக்கு ஒரு முறை ஃபோகஸைச் சரிபார்த்தேன். குளிரில் குழாய் சுருங்கச் சுருங்க ஃபோகஸ் நகரும், கீற்று முதலில் காட்டிக்கொடுக்கும்.

கேமராவை அன்றிரவு ஒரு முறைகூடச் சுழற்றவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். இரு இரவுகளின் படங்களைச் சேர்க்கும்போது கேமரா வேறு கோணத்தில் மாட்டப்பட்டிருந்தால், தகடுகள் எவ்வளவு நேராக இருந்தாலும் படத்தில் எட்டுக் கீற்று முளைக்கும். டிசம்பர் படங்களையும் சேர்த்தால் நீலப் புகை இன்னும் ஆழமாக வரும் என்ற ஆசை இருந்தது. பாம்பு நாக்கும் கூடவே வரும் என்பதால் அவற்றைத் தனியே வைத்துவிட்டேன்.

அடுக்கிய படத்தில் ஆல்சியோனிலிருந்து நான்கு கீற்றுகள், தச்சர் மூலைமட்டம் வைத்து வரைந்ததுபோல். நீலப் புகை அவற்றுக்குப் பின்னால் இழை இழையாகத் தெரிந்தது. மூலைகளில் உள்ள நட்சத்திரங்கள் மட்டும் இன்னும் வால் நீண்டுதான் இருக்கின்றன. அது பரவளையக் கண்ணாடியின் கூடப்பிறந்த குறை. அதைத் திருத்த ஒரு லென்ஸ் தொகுதி உண்டு, அதன் விலை இந்தப் பழைய தொலைநோக்கிக்கு நான் கொடுத்த விலையை நெருங்குகிறது. தற்காலிகமாகப் படத்தின் ஓரங்களை வெட்டிவிட்டேன்.

புனே இந்த விஷயத்தில் கொடுத்துவைத்த ஊர். 1944லிருந்து இயங்கும் ஜோதிர்வித்யா பரிசன்ஸ்தா என்ற அமெச்சூர் அமைப்பு இங்கே இருக்கிறது. ஐயூகா விஞ்ஞான மையத்தில் கண்ணாடியைத் தேய்த்துத் தொலைநோக்கி செய்யும் பயிலரங்குகள் நடந்திருக்கின்றன. நான் தை அமாவாசைக்கு முன் அந்தப் பக்கம் போய் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 28, செவ்வாய்க்கிழமை. பள்ளித் தாழ்வாரத்தில் படம் தொங்கியது. மாலையில் அழைத்துவரப் போனபோது படத்தின் முன் ஒருவரும் இல்லை. தாழ்வாரத்தின் இருட்டு மூலையில் யாரோ ஒரு சின்ன டார்ச்சை ஏற்றி வைத்திருந்தார்கள். அதற்கு எதிர்முனையில் ஆறாம் வகுப்பு மொத்தமும், ஒருவர் தலையிலிருந்து ஒருவர் முடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.